இந்த மாசம் யார் கேசட்? நண்பர்களோடு பாட்டுத் தொகுப்புக் குழு நடத்த ஒரு வழிகாட்டி

பாட்டுப் பைத்தியங்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆளுக்கொரு போனை எடுத்து "இதக் கேளு, இதக் கேளு" என்று நீட்டுவார்கள். பல்லவி முடிவதற்குள் அடுத்தவர் தன் பாட்டைப் போட்டுவிடுவார். ஒரு மணி நேரத்தில் முப்பது பாட்டு ஓடியிருக்கும். ஒன்றைக்கூட யாரும் முழுசாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு மாற்றாகத்தான் தொகுப்புக் குழு. மாதம் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கான பாட்டுகளைத் தானே தேர்ந்து, வரிசைப்படுத்தி, மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். மற்றவர்கள் முதலிலிருந்து கடைசி வரை வாய் திறக்காமல் கேட்டுவிட்டு, அப்புறம் பேசுவார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த "வாய் திறக்காமல்" என்பதில்தான் பாதிக் குழுக்கள் இரண்டாம் மாதமே கலைந்துபோகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டைக் கொண்டுவந்தது. எண்பதுகளில் நம் ஊர்களின் கடைத்தெருவெல்லாம் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெற்றுக் கேசட்டையும், நோட்டுத் தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், சுமார் ஆறு பாட்டு. ஏழாவதாக ஒன்றை ஆசைப்பட்டு எழுதினால் அது சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். எதை முதலில் வைப்பது, எதை பி பக்கத்துக்குத் தள்ளுவது என்று யோசித்து யோசித்துப் பட்டியலை அடித்து எழுதியவர்களுக்குத் தொகுப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் வந்த "இசையும் கதையும்" நிகழ்ச்சியும் இதே குடும்பம்தான். ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போய், அங்கங்கே பொருத்தமான பாட்டைச் செருகுவார்கள்.

ஆட்களைச் சேர்ப்பது

ஐந்திலிருந்து ஏழு பேர் போதும். நாலுக்குக் கீழே போனால் பேச்சு சீக்கிரம் வற்றிவிடும். எட்டைத் தாண்டினால் எல்லோரும் பேசி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும்.

எண்ணிக்கையைவிட முக்கியம் கலவை. பாட்டு வரிகளையே பிடித்துக்கொண்டு கேட்பவர் ஒருவர் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு வாத்தியத்தைக் கொஞ்சமாவது வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர். 2010-க்கு அப்புறம் வந்த பாட்டுகளை மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவர் கட்டாயம். எல்லோருக்கும் ஒரே ரசனை என்றால் அது ரசிகர் மன்றம். அங்கே கைதட்டல் கேட்கும், பேச்சு இருக்காது. "எனக்கு ராகமெல்லாம் தெரியாதுங்க" என்று தயங்குகிறவரைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் அவர்தான் நல்ல கேள்வி கேட்பார்.

முதல் நாளே பேசிவைக்க வேண்டியவை

விதிகள் நிறையத் தேவையில்லை. மூன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலாவது, நேரம். பக்கத்துக்கு முப்பது நிமிடம் வீதம் மொத்தம் அறுபது நிமிடம். இன்றைக்குக் கேசட்டும் இல்லை, நாடா தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. பிறகு எதற்கு இந்தக் கட்டுப்பாடு என்று கேட்பார்கள். ஆப்பில் இருநூறு பாட்டுகளை ஒரே பிளேலிஸ்ட்டில் கொட்டிவைக்க யாராலும் முடியும். நாற்பது பாட்டிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கும்போதுதான் தனக்கு உண்மையில் என்ன பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்பது ஒருவருக்கே தெளிவாகும். இரண்டு பக்கமாகப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. நடுவில் டீ குடிக்க ஒரு இடைவேளை வேண்டும். அதைவிட முக்கியமாக, ஏ பக்கத்தின் முடிவும் பி பக்கத்தின் தொடக்கமும் தொகுப்பவர் கைக்கு இரண்டு நல்ல இடங்களாக வாய்க்கும்.

இரண்டாவது, பட்டியலை மறைப்பது. பாட்டின் பெயர், படம், ஆண்டு, இசையமைப்பாளர் எதையும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. இந்தக் குழுவின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பெயரைப் பார்த்ததும் நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் அபிப்பிராயம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். காதுக்கு வேலை இருக்காது. "இவர் பாட்டா, அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று ஆரம்பிக்கிறவருக்கும் "இவரா, வேண்டாம்" என்று ஆரம்பிக்கிறவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தெரிந்த பாட்டு வரும்போது எல்லோருக்கும் தெரியத்தான் போகிறது, பரவாயில்லை. தெரியாத பாட்டு வரும்போது, யாருடையது என்று தெரியாமல் நாலரை நிமிடம் கேட்பது இந்தக் காலத்தில் அபூர்வமான அனுபவம்.

மூன்றாவது, தொகுத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். முன்னுரை கிடையாது, நடுவில் விளக்கம் கிடையாது.

ஏன் என்பதற்கு ஒரு உதாரணம். கண்ணதாசன் 1981 அக்டோபரில் மறைந்தார். அவர் கடைசியாக எழுதிய திரைப்பாட்டு என்று சொல்லப்படும் "கண்ணே கலைமானே" 1982-இல் மூன்றாம் பிறையில் வந்தது. இந்தத் தகவலை முதலில் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால் என்ன ஆகும்? அத்தனை பேரும் அதை ஒரு விடைபெறலாகவே கேட்பார்கள். அந்தத் தாலாட்டு காதில் விழாது. பாட்டைப் போட்டுவிட்டு அப்புறம் சொன்னால் இரண்டுமே கிடைக்கும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பது

புதிதாகச் சேருகிறவர் முதலில் "மழைப் பாட்டு", "அம்மா பாட்டு", "காதல் தோல்வி" என்று ஆரம்பிப்பார். தப்பில்லை, ஆனால் அகலம் அதிகம். எதைப் போட்டாலும் பொருந்திவிடும் என்றால் எதையும் யோசித்துப் போட வேண்டியதில்லை. அதையே குறுக்குங்கள். மழை என்ற சொல்லே வராத மழைப் பாட்டுகள் என்று வைத்துக்கொண்டால் தேடலே வேறு மாதிரி ஆகிவிடும்.

சில வழிகள் எப்போதும் கைகொடுக்கும். ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு போவது ஒன்று. திரைப்பாட்டில் நாதஸ்வரம் கல்யாணத்துக்கு மட்டும்தானா வருகிறது என்று தேடிப் பாருங்கள். குறைவாகப் பாடி, மனத்தில் நின்றுவிட்ட பாடகர் ஒருவரை எடுக்கலாம். ஜென்சி நல்ல உதாரணம். "இசையும் கதையும்" பாணியில், வசனமே இல்லாமல் பாட்டு வரிகளாலேயே ஒரு கதை சொல்லலாம். ஆனால் அது பார்ப்பதற்கு எளிது, செய்யக் கஷ்டம். முதல் தடவையே இறங்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஆண்டை எடுப்பது. உதாரணமாக 1992. ஏ.ஆர். ரகுமானின் ரோஜா வந்த ஆண்டு என்றுதான் எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கிறது. அதே ஆண்டில்தான் இளையராஜாவின் தேவர் மகனும் வந்தது, தேவாவின் அண்ணாமலையும் வந்தது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், ஒரு நாள் காலையில் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று நாம் பேசிக்கொள்ளும் வரலாறு அவ்வளவு நேராக இல்லை என்பது புரியும். தெருவில் அன்றைக்கு மூன்றும் சேர்ந்துதான் ஒலித்தன.

திரைக்கு வெளியேயும் போங்கள். கானா, நாட்டுப்புறம், இலங்கைப் பைலா, மலேசியத் தமிழ் ராப், நாதஸ்வரத்தில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் என்று நிறைய இருக்கிறது. பாதி தெரிந்தது, பாதி தெரியாதது என்பது நல்ல கணக்கு. அறுபது நிமிடமும் கேட்டே இராத பாட்டாகப் போட்டால் ஜனங்கள் களைத்துப்போவார்கள். எல்லாமே தெரிந்தது என்றால் கூடவே பாட ஆரம்பித்துவிடுவார்கள்.

வரிசை: இங்கேதான் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்

முதல் சுற்றில் மனசுக்கு வந்ததையெல்லாம் எழுதுங்கள், முப்பது நாற்பது வரை போகலாம். அப்புறம் ஒவ்வொன்றையும் முழுசாகக் கேளுங்கள். படம் ஓடும் வீடியோவைப் பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள். நடிகர் முகத்துக்காகப் பிடித்த பாட்டெல்லாம் அப்போதுதான் பிடிபடும். பழைய நினைவுக்காக மட்டும் பிடித்தவை இன்னொரு வகை. காலேஜில் பஸ்ஸில் கேட்ட பாட்டு உங்களுக்கு உயிராக இருக்கலாம், ஆனால் மற்ற ஆறு பேரும் அந்த பஸ்ஸில் வரவில்லை. அப்படி ஒன்றே ஒன்றை அனுமதித்துக்கொள்ளுங்கள், மீதியை எடுத்துவிடுங்கள்.

இப்போது வரிசை. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துச் செய்து காட்டுகிறேன். பொருள் ரீதிகௌளை ராகம். கையில் இருப்பவை ஐந்து: சுப்பராய சாஸ்திரியின் "ஜனனி நின்னுவினா" கீர்த்தனை, பாலமுரளிகிருஷ்ணா பாடிய "சின்னக் கண்ணன் அழைக்கிறான்" (கவிக்குயில், 1977), "தலையைக் குனியும் தாமரையே" (ஒரு ஓடை நதியாகிறது, 1983), "அழகான ராட்சசியே" (முதல்வன், 1999), "கண்கள் இரண்டால்" (சுப்ரமணியபுரம், 2008). கீர்த்தனைக்கு அளவான ஒரு பதிவைத் தேர்ந்துகொண்டால் முப்பது நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

பிறந்த வரிசையில், அதாவது கீர்த்தனையில் ஆரம்பித்து 2008 வரை வைக்கத்தான் கை போகும். அப்படி வைத்தால் அது ராகப் பாடம். முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். மீதி நேரம் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திருப்பிப் போடுங்கள். "கண்கள் இரண்டால்" ஆரம்பிக்கட்டும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, பேச்சுச் சத்தம் அடங்கும், சாய்ந்து உட்காருவார்கள். அடுத்து "அழகான ராட்சசியே". தாளமும் துள்ளலும் முற்றிலும் வேறு. இரண்டுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. மூன்றாவதாகத் "தாமரை" வரும்போது ஒருவராவது தலையைத் தூக்குவார். நாலாவதில் பாலமுரளியின் குரல் கேட்டதும் பாதிப் பேருக்குச் சந்தேகம் உறுதியாகிவிடும். கடைசியில் "ஜனனி". இதுவரை கச்சேரிப் பக்கமே போகாதவர்கூட "இது எனக்குத் தெரிஞ்ச பாட்டு மாதிரி இருக்கே" என்பார். ராகத்தின் பெயரை நீங்கள் சொல்லவே இல்லை. ஆனாலும் அது அவர் காதில் ஏறிவிட்டது.

பொதுவாகச் சில விஷயங்களைக் கவனத்தில் வையுங்கள். உங்கள் மிகச் சிறந்த பாட்டை முதலில் வைக்காதீர்கள். அப்போது யாரும் இன்னும் கேட்கத் தயாராகி இருக்கமாட்டார்கள். மூன்றாவது அல்லது நாலாவது அதற்கு நல்ல இடம். ஏ பக்கத்தைத் தேய்ந்து மறையும் பாட்டில் முடிக்காமல், நறுக்கென்று நிற்கும் பாட்டில் முடியுங்கள். பி பக்கம் யாரும் எதிர்பாராத ஒன்றில் தொடங்கட்டும், டீயோடு வந்த அரட்டை அப்போதுதான் நிற்கும். ஒரே பாடகரின் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்து வைப்பதற்குக் காரணம் இருந்தால் மட்டும் வையுங்கள்.

அப்புறம் சுருதி. அதன் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு பாட்டு ஐந்து கட்டையில் முடிந்து, அடுத்தது ஐந்தரைக் கட்டையில் தொடங்கினால், இரண்டுமே நல்ல பாட்டாக இருந்தாலும் சேருமிடம் பிசகினாற்போல ஒலிக்கும். எங்கே தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் முகம் சுளிக்கும். சோதித்துப் பார்க்கச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் பாட்டின் கடைசி இருபது விநாடியையும் அடுத்ததன் முதல் இருபது விநாடியையும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். உறுத்தினால் இடம் மாற்றுங்கள். இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால், போனில் ஒரு தம்புரா ஆப்பை வைத்துக்கொண்டு, பாட்டோடு சேரும்வரை கட்டையை மாற்றிப் பார்த்தால் போதும். வேண்டுமென்றே உறுத்த வைப்பதும் ஒரு உத்திதான், ஆனால் தெரிந்தே செய்ய வேண்டும்.

சரியான பதிவைப் பிடிப்பது

ஆப்பில் ஒரே பழைய பாட்டு நாலு இடத்தில் இருக்கும். ஒன்று அசல், ஒன்று வேறு யாரோ பாடியது, ஒன்றில் புதிதாகத் தாளத்தைச் சேர்த்துக் கெடுத்திருப்பார்கள், இன்னொன்றில் அசல் மோனோவை இரண்டாகப் பிரித்துச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியிருப்பார்கள். ஹெட்போனில் குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். படத்தில் வரும் வடிவமும் இசைத்தட்டு வடிவமும் வேறுபடுவது உண்டு. சரணம் ஒன்று கூடலாம், குறையலாம். எந்த வடிவம் வேண்டுமென்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆப் காட்டும் ஆண்டை நம்பாதீர்கள். பல சமயம் அது அந்தத் திரட்டு பதிவேற்றப்பட்ட ஆண்டாக இருக்கும். பாடலாசிரியர் பெயர் பாதி இடங்களில் இருக்கவே இருக்காது. படத்தின் டைட்டிலைப் பாருங்கள், அல்லது பழைய இசைத்தட்டு, கேசட்டின் அட்டையைத் தேடுங்கள்.

வீட்டுப் பரணில் பழைய கேசட்டுகள் இருந்தால் அவற்றையும் பயன்படுத்தலாம். போடுவதற்கு முன் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே பாருங்கள். கடலோர ஊர்களில் இது சகஜம். பூஞ்சை பிடித்ததைப் பிளேயரில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும். நல்ல கேசட் என்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்துவிட்டு, பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் கொடுத்துப் பதியுங்கள். ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிவதெல்லாம் வேண்டாம்.

சத்தத்தைச் சமன் செய்வது

அறுபதுகளின் பதிவும் இரண்டாயிரத்துக்குப் பிந்தைய பதிவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், முதலாவது முனகும், இரண்டாவது கத்தும். யாராவது எழுந்து ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால் கேட்கும் மனநிலை போய்விடும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். பாட்டுக் கோப்புகள் கையில் இருந்தால், அதில் ஒவ்வொரு பாட்டாகத் தேர்ந்தெடுத்து லௌட்னஸ் நார்மலைசேஷன் என்ற வசதியில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவைக் கொடுங்கள்; மைனஸ் 16 LUFS (ஒலி அளவின் அலகு) வைத்தால் வீட்டு ஸ்பீக்கருக்குச் சரியாக இருக்கும். ஆனால் கணக்கை முழுசாக நம்ப வேண்டாம். தாலாட்டும் குத்துப் பாட்டும் கணக்கில் சமமாக இருந்தால் தாலாட்டு அதிரும். அதை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். பாட்டுகளுக்கு நடுவே இரண்டு விநாடி மௌனம் போதும். கனமான பாட்டுக்கு அப்புறம் நாலைந்து விநாடி விடலாம்.

ஆப்பில் பிளேலிஸ்ட்டாகவே வைத்துக்கொள்கிறீர்கள் என்றால், ஷஃபிளை அணையுங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். இலவசக் கணக்கில் நடுவே விளம்பரம் வரும், சில ஆப்களில் வரிசையும் கலையும். அன்றைக்கு ஒரு மாதச் சந்தா கட்டியவர் போனைக் கடன் வாங்குங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லாப நோக்கமில்லாத ஒரு சங்கம் தன் நடவடிக்கையின் பகுதியாக ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்பதை, இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு மீறலாகக் கருதவில்லை. ஆனால் அதே தொகுப்பை இணையத்தில் எல்லோருக்கும் ஏற்றிவைப்பது வேறு விஷயம். அதற்கு ஆசைப்படாதீர்கள்.

கேட்கும் மாலை

ஞாயிறு சாயங்காலம் நல்ல நேரம். டிவியில் கிரிக்கெட் இல்லாத நாளாகப் பாருங்கள். ஒரு ஜோடி சுமாரான ஸ்பீக்கர் போதும், ஆனால் இரண்டாக இருக்கட்டும். இளையராஜா பாட்டில் இடப்பக்கம் ஒரு கிடார் கேள்வி கேட்க, வலப்பக்கம் வயலின் பதில் சொல்லும் இடமெல்லாம் ஒற்றை புளூடூத் டப்பாவில் ஒன்றாகக் குழைந்துவிடும். மின்விசிறியைக் கொஞ்சம் குறையுங்கள். போன்களை வேறு அறையில் வைக்கச் சொல்லுங்கள். பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஆப்பைத் திருட்டுத்தனமாகத் திறக்கும் ஆள் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார்.

ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுங்கள். பாட்டின் எண், அதில் தன் காதில் பட்ட ஒரே ஒரு விஷயம், அவ்வளவு மட்டும் எழுத வேண்டும். "3: இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்று குரல் மட்டும் வருது" என்பது போல. "3: சூப்பர்" என்று எழுதினால் அப்புறம் பேசும்போது கையில் ஒன்றும் இருக்காது. மதிப்பெண் போடும் பழக்கத்தை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். பத்துக்கு ஏழா எட்டா என்ற விவாதத்தில் பாட்டு காணாமல் போய்விடும்.

கேட்கும்போது சாப்பாடு வேண்டாம். முறுக்கு கடிக்கும் சத்தத்தில் பேஸ் கிடார் கேட்காது. டீயும் பஜ்ஜியும் இடைவேளைக்கு.

பேசுவது எப்படி

பி பக்கம் முடிந்ததும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் புதியவரிலிருந்து ஆரம்பியுங்கள். விஷயம் தெரிந்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தங்கள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். சுற்று ஒரு தடவை முடியும்வரை யாரும் குறுக்கிடக்கூடாது.

"நல்லா இருந்துச்சு" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், "எந்த இடத்துல?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும். பல்லவியிலா, இடையிசையிலா, சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்திலா? அவர் யோசித்துவிட்டு, "அந்தப் பொம்பளைக் குரல் உள்ள வருமே, அதுக்கு முன்னாடி" என்பார். உடனே அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் கேளுங்கள். இப்போது எல்லோருக்கும் அது கேட்கும். பேச்சு பாதி, திரும்பக் கேட்பது பாதி என்று இருந்தால் அந்த மாலை நன்றாகப் போகிறது என்று பொருள்.

பிடிக்கவில்லை என்று சொல்லவும் இடம் வேண்டும். ஆனால் அதற்கும் அதே கேள்விதான். எந்த இடத்தில் உங்களுக்கு அலுத்தது? பாட்டா பிடிக்கவில்லை, இல்லை அது வந்த இடமா? பல சமயம் பாட்டு நல்ல பாட்டாக இருக்கும், முன்னால் வந்ததோடு சேரவில்லை என்பதே குறையாக இருக்கும். தொகுத்தவருக்கு உண்மையிலேயே உதவும் விமர்சனம் அதுதான்.

சில பேச்சுகளை நாசூக்காக நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ராஜாவா ரகுமானா என்பது முதலாவது. எம்.எஸ்.வி.யையும் சேர்த்துக்கொண்டால் மூன்று முனைப் போட்டியாகி விடியும்வரை ஓடும். இன்றைக்கு ஒலித்த பன்னிரண்டு பாட்டைப் பற்றி மட்டும் பேசுவது என்று சொல்லி இழுத்து வாருங்கள். அந்தப் படம் எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது, அந்த நடிகை இப்போது எங்கே இருக்கிறார் என்று போவது இரண்டாவது. மூன்றாவது, ராகம் தெரிந்தவர் வகுப்பெடுப்பது. ராகத்தின் பெயரைச் சொல்லட்டும், நல்லதுதான், ஆனால் பெயரைச் சொன்னதோடு பாட்டை விளக்கிவிட்டதாக அவர் நினைத்தால், "அதே ராகத்துல இருக்கிற இன்னொரு பாட்டு ஏன் இப்படி இல்ல?" என்று கேளுங்கள். அவரும் மறுபடி கேட்க ஆரம்பிப்பார்.

கடைசியில் தொகுத்தவர் பேசட்டும். பட்டியலை இப்போது கையில் கொடுக்கலாம்: பாட்டு, படம் அல்லது தொகுதி, ஆண்டு, இசை, வரிகள், குரல். பழைய கேசட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதுவதுபோல ஒரு மடிப்புத் தாளில் எழுதித் தந்தால் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். எந்தப் பாட்டுகளைக் கடைசி நிமிடத்தில் எடுத்தார், ஏன் எடுத்தார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். வைத்ததைவிட விட்டதைப் பற்றிய பேச்சு பல நாள் சுவையாக இருக்கும்.

வெளியூரில் இருப்பவர்கள்

குழுவில் ஒருவர் துபாய்க்கோ டொராண்டோவுக்கோ போய்விட்டால் விட்டுவிட வேண்டாம். ஆனால் ஜூம் வழியாகப் பாட்டை ஒலிபரப்பாதீர்கள். பேச்சுக்காகச் செய்யப்பட்ட இரைச்சல் நீக்கி, தம்புராவையும் வயலினையும் இரைச்சல் என்று நினைத்து நசுக்கிவிடும். வேறு வழியில்லை என்றால் அதில் ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி, அவருக்குப் பிளேலிஸ்ட் இணைப்பை முன்கூட்டி அனுப்பிவிடுவது. பெயர்கள் அவருக்கு மட்டும் தெரிந்துவிடுமே என்றால், வீட்டில் வேறு யாரையாவது போடச் சொல்லிக் கேட்கட்டும். எல்லோரும் அவரவர் இடத்தில் கேட்டு முடித்த பிறகு பேச்சுக்கு மட்டும் வீடியோவில் சேர்ந்துகொள்ளலாம். வாட்ஸ்அப் குழு தேதி குறிப்பதற்கு மட்டும். அங்கே கருத்துச் சொல்ல ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கலைவதற்கு முன்

எழுதிய தாள்களைச் சேர்த்து, பட்டியலோடு ஒரு கோப்பில் போட்டுவைக்க ஒருவரை நியமியுங்கள். ஒரு வருடம் கழித்து அதே பாட்டு வேறொருவர் தொகுப்பில், வேறு வரிசையில் வரும். அன்றைக்கு என்ன எழுதினோம் என்று எடுத்துப் பார்க்கலாம். அடுத்த மாதத்துக்கு யார் என்பதையும் தேதியையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள், போனில் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பினால் இரண்டு மாதம் ஓடிவிடும். தேதி சொன்னவரிடம் பொருள் என்னவென்று யாரும் கேட்கக்கூடாது. அவரும் சொல்லக்கூடாது.